ஓடி ஆடுபவன் உருப்படுவானா?

விடுமுறைக்குக் கல்பாத்தி சென்றிருந்தபோது திண்ணையில் ஒரு வழக்கு. "பந்தைக் கொடுக்காமல் தானே கொண்டு ஓடுகிற பையன் தொழில்முறை ஆட்டத்தில் நிலைக்கமாட்டான்" என்றார் பெரியப்பா. சான்று, நம் கேரளத்துச் சகல் அப்துல் சமது: 2018-19இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்காக லீக்கில் ஒரே கோல், அடுத்த பருவத்தில் அதுவுமில்லை.

யான் ஒப்பவில்லை. அதே கால்கள் 2021-22இல் ஆறு கோல் அடித்தனவே! பயிற்சியாளர் வுக்கோமனோவிச் அவரை நடுக்களத்தின் ஓரத்தில் நிறுத்தி, கோல்முகம் நோக்கிப் புகவிட்டார். ஓட்டம் அப்படியே இருந்தது. ஓடும் இடந்தான் மாறியது. 2024 அரையிறுதியில் மோகன் பகானுக்காக, ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோல் அடித்தவரும் அவரே. (பெரியப்பாவும் அதைப் பார்த்தவர்தாம்!)

எங்கள் தெருவில் ஒரு சிறுவன், பாஸ் கொடுப்பதில்லை என்று இரண்டு வாரமாக வெளியே உட்கார்ந்திருக்கிறான். அவனை ஓரத்தில் ஒருநாளாவது ஆடவிட்டுப் பார்த்தார்களா? இல்லை.