நோய் எதிர்ப்புத் தென்னங்கன்று... எந்த நோய்க்கு?

'எங்கள் தோப்பில் 60 தென்னைகள் உள்ளன. தூரில் செம்பழுப்பாகச் சாறு வடிந்து, 4 மரங்கள் பட்டுவிட்டன. நோயே வராத ரகம் என்று சொல்லி, 'கல்பரக்‌ஷா' கன்றுகளைக் கூடுதல் விலைக்குத் தருகிறார் ஒருவர். அதே குழிகளில் நடலாமா?'

- வாசகர், கீழக்கரை.

முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். கல்பரக்‌ஷா நல்ல ரகம்தான். மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், மலேயன் பச்சைக் குட்டையிலிருந்து தேர்வு செய்து வெளியிட்டது. ஆனால், அது எதிர்த்து நிற்பது கேரள வேர் வாடல் நோயை. கம்பம், ஆனைமலை, செங்கோட்டை பக்கமெல்லாம் தோப்புகளைப் பாழாக்கிவரும் நோய் அது. அதில் ஓலையின் இலைகள் விலா எலும்புபோல உள்பக்கமாக வளையும். தூரில் சாறு வடியாது.

நீங்கள் சொல்லும் அடையாளம் தஞ்சாவூர் வாடல் நோயுடையது. 1952 புயலுக்குப் பிறகு தஞ்சாவூர்ப் பகுதியில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். கடலோர மணல் பூமியில் அதிகம் வரும். காரணம், 'கேனோடெர்மா' என்ற பூஞ்சாணம். தூரில் தட்டுக் காளான் முளைத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இதற்குக் கல்பரக்‌ஷா மருந்தல்ல. தவிர, குட்டை ரகங்கள் வறட்சி தாங்காது. உங்கள் ஊர் தண்ணீர் நிலவரம் உங்களுக்குத் தெரியாததா?

பட்ட மரங்களை வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள். பழைய தூர்களிலும் இந்தப் பூஞ்சாணம் உயிரோடு இருக்கும் என்பதால், அதே குழியில் உடனே நட வேண்டாம். நோய் கண்ட மரத்தைச் சுற்றி 3 அடி ஆழம், 1 அடி அகலத்தில் அகழி எடுத்து, மற்ற மரங்களிலிருந்து பிரித்து வையுங்கள். ஒரு மரத்தின் தண்ணீர் அடுத்த மரத்துக்கு ஓடக் கூடாது. வாய்க்கால் பாசனம்தான் இந்த நோய்க்கு வண்டி. தனித்தனி வட்டப்பாத்தி அல்லது சொட்டுநீர் போதும். உழவு ஓட்டி வேரை அறுக்காதீர்கள்.

மரத்துக்கு வருடத்துக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு, 50 கிலோ தொழுவுரத்துடன் 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வையுங்கள். நோய் தொட்ட மரங்களுக்கு 1 சதவிகிதப் போர்டோ கலவை 40 லிட்டர், தூரைச் சுற்றி ஊற்றலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தால் போர்டோ, டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். தண்ணீர் வசதி இருந்தால் வாழையை ஊடுபயிராக்குங்கள். நோய் பரவுவது குறையும்.

சாறு 10 அடிக்கு மேல் ஏறி, குரும்பையெல்லாம் கொட்டிவிட்ட மரத்துக்குச் செலவு செய்வது வீண். அதை எடுத்துவிட்டு, அந்தப் பணத்தைப் பக்கத்து மரங்களுக்குப் போடுங்கள்.