'ஹென்சன் இருந்திருந்தா...' கோஷ்டிக்கு ஒரு பெரிய கும்பிடு

ஒரு நல்ல விஷயத்தை உருப்படாம அடிக்க எதிரிங்க வேணும்னு இல்லை, ரசிகர்களே போதும். மப்பெட் பொம்மைகளோட கதை அப்படித்தான். 2011 நவம்பர் 23ஆம் தேதி 'தி மப்பெட்ஸ்' படம் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தப்போ ரசிகர்கள் போட்ட ஆட்டத்தையும் வச்ச ஒப்பாரியையும் நினைச்சா எனக்கு இன்னமும் எரிச்சல் வருது. அப்போ ஆரம்பிச்ச பஞ்சாயத்து ஓய்ஞ்சபாடில்லை. மப்பெட் பேரில் எது வந்தாலும் அதே ரெண்டு கட்சி, அதே ரெண்டு வசனம். அதான் இந்தப் பதிவு.

விவரம் தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு சின்ன முன்கதை. ஜிம் ஹென்சன், அமெரிக்கர். 1955ல் வாஷிங்டன் டிவியில் 'சாம் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'ங்கிற அஞ்சு நிமிச நிகழ்ச்சியை ஆரம்பிச்சப்போ காலேஜில் படிச்சிட்டிருந்த பையன். அம்மா வேண்டாம்னு போட்ட பழைய கோட்டை வெட்டி, பிங்பாங் பந்தை ரெண்டா அறுத்துக் கண்ணு வச்சு அவர் செஞ்ச பொம்மைதான் கெர்மிட். அப்புறம் 1969ல் 'செஸமி ஸ்ட்ரீட்', 1976லிருந்து 1981 வரைக்கும் 120 எபிசோடு 'தி மப்பெட் ஷோ', 1979ல் முதல் சினிமா. 1990 மே 16ஆம் தேதி, பாக்டீரியா தொற்று வந்து 53 வயசிலேயே போய்ச் சேர்ந்துட்டார். அதுக்கப்புறம் தியேட்டருக்கு மூணு படம் வந்தது. கடைசிப் படம் 1999ல் 'மப்பெட்ஸ் ஃப்ரம் ஸ்பேஸ்'. 2004ல் மப்பெட்டுகளை டிஸ்னி வாங்கிருச்சு. ஏழு வருசம் கழிச்சுத்தான் நான் சொல்ற இந்தப் படம்.

முதல் கட்சி, கண்ணீர் கட்சி. "என் சின்ன வயசு திரும்பி வந்துருச்சு, இத்தனை வருசம் எங்கடா போனீங்க" வகையறா. இவங்களைக் கேட்கிறேன்: மப்பெட்டுகள் எங்கே போச்சு? எங்கேயும் போகலையே. 2002லயும் 2005லயும் டிவி படம் வந்தது. 2008ல் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்பெஷல். 2009ல் 'பொஹீமியன் ராப்சடி' பாட்டை அதுங்க பாடி யூடியூபில் போட்டு ஊரே பார்த்தது. 1999 படம் தியேட்டரிலேயே ஓடுச்சு, நீங்கதான் போகலை. அமெரிக்காவில் அது 16 மில்லியன் டாலர் சொச்சம்தான் வசூல் பண்ணுச்சு, படம் எடுக்க ஆன செலவே 24 மில்லியன். தன் வீட்டு ஆளை வாசலில் நிக்க வச்சுக் கதவைச் சாத்திட்டு, பன்னிரண்டு வருசம் கழிச்சு "எங்கப்பா போயிட்டே"ன்னு கட்டிப் புடிச்சு அழுதா அதுக்குப் பேர் பாசமா?

2011 படம் எதுக்கு ஓடுச்சுன்னு கொஞ்சம் பாருங்க. எழுதினவங்க ஜேசன் சீகலும் நிக்கோலஸ் ஸ்டோலரும். இயக்கம் ஜேம்ஸ் பாபின். சீகல் தானே ஒரு வெறித்தனமான மப்பெட் ரசிகர், அதை அவர் மறைச்சதும் கிடையாது. படத்தோட புது ஹீரோ வால்டர்னு ஒரு பொம்மை. அவன் யாரு? மப்பெட் ரசிகன்! பாழடைஞ்சு கிடக்கிற மப்பெட் தியேட்டரை இடிச்சு எண்ணெய் எடுக்கப் பார்க்கிறான் ஒரு பணக்காரன். அதைக் காப்பாத்த 10 மில்லியன் டாலர் வேணும், அதுக்காகச் சிதறிப்போன கூட்டம் ஒண்ணு சேருது. கடைசியில் பணம் தேறலை. தோத்துட்டோம்னு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெளியே வந்தா தெரு முழுக்க ரசிகர்கள் நின்னு ஆரவாரம் பண்றாங்க. புரியுதா மக்களே? படத்தோட ஹீரோ ரசிகன், கிளைமாக்ஸில் ஜெயிக்கிறது ரசிகர் கூட்டம். தவளையையும் பன்னியையும் பார்த்து நீங்க அழலை, திரையில் உங்க மூஞ்சியையே காட்டினாங்க, அதைப் பார்த்து அழுதீங்க.

படம் மோசம்னு நான் சொல்ல வரலை. பிரெட் மெக்கென்ஸி எழுதின பாட்டுக்கு 2012ல் ஆஸ்கர் கிடைச்சது, கிடைக்க வேண்டியதுதான். வால்டரை ஆட்டின பீட்டர் லின்ஸ் அருமையா பண்ணியிருந்தார். என் புகார் படத்து மேல இல்லை, பார்த்தவங்க மேல.

ஏன்னா அடுத்து நடந்ததைப் பாருங்க. 2014 மார்ச்சில் அதே பாபின் 'மப்பெட்ஸ் மோஸ்ட் வாண்டட்' எடுத்தார். இதில் பழைய நினைப்பு, கண்ணீர், மலரும் நினைவு ஒண்ணும் கிடையாது. கெர்மிட் மாதிரியே அச்சா இருக்கிற கான்ஸ்டன்டின்னு ஒரு திருட்டுத் தவளை, கெர்மிட்டை சைபீரியா சிறைக்குத் தள்ளிட்டு அவன் இடத்தில் வந்து உட்காருது. குரல் வேற, உச்சரிப்பு வேற, குணம் வேற. இருந்தும் கூட இருக்கிறவங்களில் கிட்டத்தட்ட யாருக்குமே வித்தியாசம் தெரியலை. யோசிச்சுப் பாருங்க. 'கெர்மிட்னா என்ன? எது மாறினா அவன் கெர்மிட் இல்லை?'ன்னு 1990லிருந்து ரசிகர்கள் அடிச்சுக்கிற அதே கேள்வியை எடுத்து வச்சு ஒரு முழு நீளக் காமெடி! இதுக்கில்லையா நீங்க வரிசையில் நின்னிருக்கணும்? நிக்கலை. 2011 படம் அமெரிக்கா, கனடாவில் மட்டும் 88 மில்லியன் டாலர் தாண்டுச்சு, இது 51 மில்லியனோடு படுத்துருச்சு. அதுக்கப்புறம் பத்து வருசம் தாண்டியும் தியேட்டருக்குப் புது மப்பெட் படம் ஒண்ணுகூட வரலை. பழி யார் மேல? "டிஸ்னி சரியா கவனிக்கலை"ன்னு ரொம்ப சுலபமா சொல்லிட்டுப் போயிடுறாங்க. டிஸ்னி பெரிய யோக்கியம்னு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா டிக்கெட் வாங்காதது டிஸ்னி இல்லையே!

இப்ப ரெண்டாவது கட்சி. 'ஹென்சன் இருந்திருந்தா' கட்சி. இதுங்கதான் இன்னும் விசேசம்.

2011 படத்தில் ஃபாஸி கரடி ஒரு குசு போடுற ஷூவை மாட்டிக்கிட்டு வரும். உடனே குய்யோ முறையோ. "ஹென்சன் இருந்திருந்தா இந்த மட்டமான ஜோக்கை விட்டிருப்பாரா? கெர்மிட் மாளிகையில் வாழ்வானா? டிஸ்னி கையில் கொடுத்திருப்பாரா?"

ஒண்ணொண்ணா வருவோம்.

மட்டமான ஜோக். 1957லிருந்து ஹென்சன் வில்கின்ஸ் காப்பிக்கு விளம்பரப் படங்கள் எடுத்தார், ஒவ்வொண்ணும் சில செகண்டுதான். வில்கின்ஸ், வான்ட்கின்ஸ்னு ரெண்டு பொம்மை. காப்பி வேணாம்னு சொல்ற பொம்மையைப் பீரங்கி வச்சு சுடுறதுதான் விளம்பரம். சுட்டுட்டு அந்தப் பீரங்கி அப்படியே நம்ம பக்கம் திரும்பும், "நீ என்ன சொல்றே?"ங்கிற மாதிரி. 'மப்பெட் ஷோ'வுக்கு வெள்ளோட்டமா 1975ல் வந்த நிகழ்ச்சிக்கு அவர் வச்ச பேரு 'செக்ஸ் அண்ட் வயலன்ஸ்'. அதே 1975ல் 'சாட்டர்டே நைட் லைவ்'க்காகக் குடியும் கும்மாளமுமா ஒரு பொம்மைக் கூட்டத்தையே இறக்கினார். இந்த மனுசன் ஒரு ஷூவைப் பார்த்து மயக்கம் போட்டிருப்பாராம்! நீங்க கும்பிடுற சாந்த சொரூபி உங்க பூஜை அறையில் மட்டும்தான் இருக்கார்.

கெர்மிட் மாறிட்டான். ஐயா, 1955ல் கெர்மிட் தவளைகூட இல்லை. பல்லியோ ஓணானோன்னு சொல்ற மாதிரி ஒரு பச்சை ஜந்து. தவளையானது பல வருசம் கழிச்சு. அதைச் செஞ்சவரே மாத்தலாம், மத்தவன் மாளிகையில் குடி வச்சா மட்டும் குத்தமா?

டிஸ்னி. இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1989 ஆகஸ்டில் தன் கம்பெனியை டிஸ்னிக்கு விக்கப் போறேன்னு அறிவிச்சது வேற யாருமில்லை, ஹென்சனேதான். பேச்சு நடக்கும்போதே போயிட்டார், அந்த வருசம் டிசம்பரில் பேரம் முறிஞ்சது. ஃப்ளோரிடாவில் டிஸ்னி பூங்காவுக்காக அவரே இயக்கின 'மப்பெட் விஷன் 3டி', அவர் இறந்து சரியா ஒரு வருசம் கழிச்சு 1991 மே 16ஆம் தேதி திறந்தது. அதை 2025 ஜூனில் இழுத்து மூடினப்போ இதே கட்சி அதுக்கும் அழுதது. டிஸ்னிகிட்ட போனது துரோகம், டிஸ்னிக்காக எடுத்த படம் பொக்கிஷம். எப்படி இருக்கு லாஜிக்?

இன்னொண்ணும் சொல்லணும். 'மப்பெட் ஷோ' உச்சத்தில் இருக்கும்போதே 1981ல் அதை நிறுத்தினது ஹென்சன்தான். நிறுத்திட்டு அடுத்த வருசம் 'தி டார்க் கிரிஸ்டல்' எடுத்தார். மனுசனே இல்லாத, சிரிப்பும் பெருசா இல்லாத, இருட்டான படம். 1986ல் 'லேபிரிந்த்', தியேட்டரில் படுதோல்வி. ரசிகன் கேட்டதையே திருப்பித் திருப்பிப் பரிமாற அவருக்கு இஷ்டம் இருந்ததில்லை. அவர் பேரை வச்சுக்கிட்டு "எதையும் மாத்தாதே"ன்னு மிரட்டுறீங்களே, நியாயமா இது?

இங்கே ஃபிராங்க் ஆஸ் பேரை இழுத்துட்டு ஒருத்தர் வருவார்னு தெரியும். மிஸ் பிக்கியையும் ஃபாஸியையும் பல வருசம் தன் கையால் ஆட்டினவர் ஆஸ். 2011 படத்தோட திரைக்கதை தனக்குப் பிடிக்கலைன்னும், பாத்திரங்களுக்கு உரிய மரியாதை அதில் இல்லைன்னும் வெளிப்படையாவே சொன்னார். சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. ஃபாஸி அந்த ஷூவைப் போடுவானா மாட்டானான்னு அவர் கைக்குத் தெரியும். ஆனா ரெண்டு கட்சியும் அவரை என்ன பண்ணுச்சு? கண்ணீர் கட்சி "வயசான காலத்தில் பொறாமை"ன்னு அடிச்சது. மத்த கட்சி அவர் சொன்னதைக் கழியா எடுத்துப் படத்தை அடிச்சது. அவர் எழுப்பினது ஒரு பாத்திரம் எப்படி யோசிக்கும்ங்கிற தொழில் கேள்வி. அதைப் பேச ஒருத்தருக்கும் பொறுமை இல்லை.

தமாஷ் என்னன்னா, 2011 டிசம்பரில் ஃபாக்ஸ் பிசினஸ் சேனலில் ஒருத்தர், எண்ணெய்ப் பணக்காரனை வில்லனாக்கிக் குழந்தைங்க மனசில் முதலாளிகள் மேல வெறுப்பை விதைக்கிறாங்கன்னு குதிச்சார். ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அடுத்த மாசம் லண்டனில் பத்திரிகைக்காரங்க முன்னாடி மிஸ் பிக்கியே அதுக்குப் பதிலடி கொடுத்துச்சு. பேத்தல்தான் அது, சந்தேகமில்லை. ஆனா அவராவது படம் என்ன சொல்லுதுன்னு பார்த்தார். நீங்க உங்களைத்தானே பார்த்துக்கிட்டீங்க!

சரி, எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? இந்த ரெண்டு கட்சிக்கும் நடுவில் உண்மையிலேயே வேலை செய்றவங்க காணாம போறாங்க, அதான். மப்பெட் ஆட்டுறது சாதாரண வேலை இல்லை. உயரமா கட்டின செட்டுக்குக் கீழே நின்னு, ஒரு கையைத் தலைக்கு மேல தூக்கிப் பொம்மை வாய்க்குள் விட்டு, இன்னொரு கையால் பொம்மையோட கையில் மாட்டின கம்பியை அசைக்கணும். கண்ணு பொம்மையைப் பார்க்காது, மானிட்டரைப் பார்க்கும். அதுக்கு நடுவில் குரலும் கொடுக்கணும். 1979 படத்தில் சதுப்பு நிலத்தில் கெர்மிட் பாஞ்சோ வாசிக்கிற காட்சிக்கு ஹென்சன் தண்ணிக்கு அடியில் ஒரு தொட்டிக்குள் முடங்கி உட்கார்ந்து ஆட்டினார். ஸ்வீடிஷ் செஃப் பொம்மைக்குத் தலையும் குரலும் ஹென்சன், கை ரெண்டும் ஆஸோட நிஜக் கை. அந்தக் கை அடுத்து என்ன பண்ணும்னு ஹென்சனுக்கே தெரியாது, அதில்தான் சிரிப்பே.

2011ல் "அதே பழைய கெர்மிட்!"னு உருகினீங்களே, அந்தக் கெர்மிட்டை ஆட்டினது ஸ்டீவ் விட்மயர். ஹென்சன் போன வருசமே அதை ஏத்துக்கிட்டு, அப்போ 21 வருசம் ஆகியிருந்தது. பிக்கியும் ஃபாஸியும் எரிக் ஜேக்கப்சன். முதல் நாளிலிருந்து கான்ஸோவை ஆட்டுற டேவ் கோல்ஸ் அப்பவும் கான்ஸோவுக்குள்தான் இருந்தார். உங்களில் எத்தனை பேருக்கு இந்தப் பேரெல்லாம் தெரிஞ்சிருந்தது? விட்மயரை 2016ல் டிஸ்னி நீக்கி, மறு வருசம் விசயம் வெளியே வந்து, மேட் வோகல் கெர்மிட்டை எடுத்தப்போதான் பலருக்கு உள்ளே ஒரு ஆள் இருக்கிற ஞாபகமே வந்தது. உடனே அடுத்த வேலை என்ன? "இது கெர்மிட்டே இல்லை"ன்னு வோகலைத் திட்டுறது. விட்மயரும் ஆரம்பத்தில் இதே பேச்சைக் கேட்டவர்தான். நாளைக்கு வோகலுக்கு அடுத்து வர்ற புள்ளையும் கேட்கும், அப்போ வோகல் 'அந்தக் காலத்து' கெர்மிட் ஆகியிருப்பார்.

ஆட்டுற கை மாறித்தான் ஆகணும். இல்லைன்னா பொம்மை கண்ணாடிப் பெட்டிக்குள் போயிடும். அப்படிப் போனா பரவாயில்லைன்னு நினைக்கிறவங்க நேரடியா சொல்லிடுங்க, மரியாதை உண்டு. ஆனா "வேணும், ஆனா 1979ல் இருந்த மாதிரியே வேணும்"னு அடம் பிடிச்சுக்கிட்டு அதுக்குப் பேர் பக்தின்னு சொல்லாதீங்க. அடுத்த தடவை புதுசா ஒண்ணு வந்தா டிக்கெட் வாங்கிப் போய்ப் பாருங்க. மொக்கையா இருந்தா மொக்கைன்னு திட்டுங்க, எந்த ஜோக் எங்கே சறுக்குச்சுன்னு பேசுங்க. அதை விட்டுட்டு செத்த மனுசரைச் சாட்சிக் கூண்டில் ஏத்தாதீங்க. அவர் வந்து மறுத்துப் பேச மாட்டார்ங்கிற தைரியம்தானே?

சண்டைக்கு வர்றவங்க தாராளமா வரலாம், கடை திறந்தே இருக்கு. ஒரே ஒரு நிபந்தனை: 'ஹென்சன் இருந்திருந்தா'ன்னு ஆரம்பிக்கிற பின்னூட்டத்துக்குப் பதில் கிடையாது :)