வாயால் கேட்டால் உதவி, கடிதமாகக் கேட்டால் பிரச்சினை

பார்வையற்ற மாணவி ஒருவர் தன் மடிகணினியில் விரிவுரைக் குறிப்பொன்றைத் திறக்கிறார். பக்கத்தில் ‘அம்மா’ என்று இருக்கிறது. திரைவாசிப்பு மென்பொருளின் குரலில் அவர் காதில் விழுவதோ எம், கே, எச் என்று ஆங்கில எழுத்துகளின் குவியல். குறிப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டது. பாமினியில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், கணினிக்குள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அதே குறிப்பு யுனிகோட்டில் இருந்திருந்தால், இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ மென்பொருளே அதைத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கும். பழைய கோப்புகளை மாற்றித் தரும் கருவிகளும் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. ஒரு குறிப்பை மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

குடாநாட்டில் உயர்கல்வி கற்கும் மாற்றுத்திறனாளி மாணவர்கள் சிலரோடு அண்மையில் பேசினேன். எழுத்துருப் பிரச்சினையைச் சொன்னவரிடம், விரிவுரையாளரிடம் கேட்கவில்லையா என்றேன். “கேட்டனான் அக்கா. அந்த சேர் நல்லவர், மாத்தித் தந்தவர். அடுத்த செமஸ்டர் வேற சேர். திரும்பவும் முதல்ல இருந்து சொல்ல வேணும்.” எழுத்தில் கேட்டிருக்கலாமே என்றதற்கு அவர் சிரித்தார். “வாயால கேட்டா உதவி செய்வினம். கடிதமாக் குடுத்தா, இவ பிரச்சினைக்கு வாறா எண்டு நினைப்பினம்.”

நல்ல சேர் கிடைத்தால் படிப்பு நடக்கும், கிடைக்காவிட்டால் நடக்காது. கூடுதல் நேரம், பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள், கீழ்மாடியில் விரிவுரை, முன்கூட்டியே குறிப்புகள் என எதைக் கேட்டாலும் இந்த மாணவர்களின் அனுபவம் இதுதான். பதிவேட்டில் எதுவும் ஏறாததால், ஒருவர் பெற்றது அடுத்தவருக்கு முன்னுதாரணம் ஆவதில்லை.

மற்ற மாணவரோடு சமமாகக் கற்பதற்காக ஒருவருக்கென்று செய்துதரப்படும் இத்தகைய மாற்றங்களுக்குத் தமிழில் நிலைத்த சொல்லொன்று இல்லை. ‘நியாயமான வசதியேற்பாடு’ என்று மொழிபெயர்க்கலாம். பேச்சில் நாம் சொல்வது ‘சலுகை’. சலுகை என்பது கொடுப்பவர் மனமிரங்கிக் கொடுப்பது. மறுத்தால் வருத்தப்படலாம், காரணம் கேட்க முடியாது. மாணவர்கள் கடிதம் எழுதத் தயங்குவதில் இந்தச் சொல்லுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

யாழ்ப்பாணம் கொடுக்கத் தெரியாத ஊர் அல்ல. கைதடி நுபீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம், யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் எல்லாம் போர்க்காலத்தையும் தாண்டி நிற்பவை. திருச்சபையும் ஊர்ப் பெரியவர்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் தாங்கிய தாங்கலில் பல நூறு பிள்ளைகள் படித்தார்கள். அதன் மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. சக்கர நாற்காலி வழங்கும் விழாவில் பெறுபவர் படத்துக்கு நின்று நன்றி சொல்ல வேண்டும். சிறுவயது முதல் அப்படிப் பழகிய ஒருவர், பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் பதிவாளருக்கு “எனக்கு இது உரித்தானது” என்று எழுதுவார் என எதிர்பார்ப்பது எப்படி?

சட்டமும் அவருக்குப் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் முப்பது ஆண்டுகளை எட்டுகிறது. அதன் 23ஆம் பிரிவு, கல்வி நிறுவனமொன்றில் அனுமதி வழங்கும்போது இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மீறினால் 24ஆம் பிரிவின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். ‘அனுமதி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாசலைத் திறக்கச் சொல்லும் சட்டம், உள்ளே வந்தவருக்கு விரிவுரையிலும் பரீட்சை மண்டபத்திலும் என்ன செய்துகொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் மாற்றுத்திறனாளி மாணவர்களை உள்வாங்கத் தனி ஏற்பாடு வைத்திருக்கிறது. அதுவும் வாசல் பற்றியதே.

அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் ஆகியவற்றைப் பாகுபாட்டுக் காரணங்களாகப் பட்டியலிடுகிறது. இயலாமை அதில் இல்லை. 12(4) உறுப்புரையில் மட்டும் பெண்கள், சிறுவர்களோடு சேர்த்து விசேட ஏற்பாடு செய்ய இடமளிக்கப்பட்டுள்ளது. செய்யலாம் என்பதே அதன் தொனி.

இலங்கை 2007இல் ஒப்பமிட்டு, 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம் இந்த இடைவெளியை நிரப்புகிறது. நியாயமான வசதியேற்பாட்டை மறுப்பதே பாகுபாடு என்கிறது அதன் 2ஆம் உறுப்புரை. உயர்கல்வியில் அதை உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது 24ஆவது. ஆனால் சர்வதேச உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டமாக்கப்படாதவரை மாணவர் அதை நேரடியாக நீதிமன்றத்தில் வைத்து வாதாடுவது கடினம். புதிய சட்டம் பற்றிய பேச்சு பல அரசாங்கங்களைக் கண்டுவிட்டது.

கட்டடங்களின் கதை சற்று மேல். 2006இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பொதுக் கட்டடங்களுக்கு மூன்று ஆண்டு கெடு தரப்பட்டு, பிறகு நீட்டப்பட்டது. 1992இல் ஓடிக்கொண்டிருந்த காரின்மேல் வீதியோர மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர் கலாநிதி அஜித் பெரேரா. அவர் தொடுத்த வழக்கில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பொதுக் கட்டடங்களின் அணுகல் வசதி குறித்துக் கட்டளை பிறப்பித்தது. பிற்காலத்தில் அவர் மறுபடியும் அதே நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இருந்தாலும் புதிய கட்டடங்களில் சாய்தளம் என்ற எண்ணமாவது வேரூன்றியது. இயலாமை என்றதும் நம் நிர்வாகங்களுக்குச் சாய்தளம் மட்டும் நினைவுக்கு வருவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். செவிப்புலன் குறைந்தவருக்கும், வலிப்பு நோயுள்ளவருக்கும், எழுதுவதில் இடர்ப்படுபவருக்கும் சாய்தளம் எதுவும் செய்யாது.

எனக்கு இது புதிய கதையல்ல. ஊடகக் கல்வி படித்த காலத்தில் பார்வை மங்கிய சகமாணவர் ஒருவர் பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்டார். “எல்லாருக்கும் ஒரே பரீட்சைதான்” என்று பதில் வந்தது. உயர்தரப் பரீட்சையைக் கூடுதல் நேரத்தோடு எழுதியவர் அவர். பாடசாலையில் கிடைத்தது பட்டப்படிப்பில் ஏன் இல்லை என்று கேட்கும் துணிவு எங்கள் வகுப்பில் யாருக்கும் இருக்கவில்லை.

‘ஒரே பரீட்சை’ என்ற வாதத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் இருமுறை எதிர்கொண்டது. கை இழுத்துக்கொள்ளும் எழுத்தாளர் வலியால் அவதிப்பட்ட விகாஷ் குமார் என்ற மருத்துவப் பட்டதாரி, குடிமைப் பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதும் உதவியாளரைக் கேட்டார். நாற்பது வீத இயலாமை என்ற வரம்புக்குள் வரவில்லை என்று மறுத்தார்கள். வீதக் கணக்கைக் காட்டித் தேவையை மறுக்க முடியாது என்றது நீதிமன்றம். அதே ஆண்டு நவம்பரில் வந்தது அவ்னி பிரகாஷ் வழக்கு. நீட் தேர்வில் அவருக்கு ஒரு மணிநேரம் கூடுதலாகத் தர விதி இருந்தது, ஆனால் தேர்வு மையத்தில் தரவில்லை. அநீதி நடந்ததை ஏற்ற நீதிமன்றம் அதைச் சரிசெய்யும் வழியை ஆராயச் சொன்னது, மறுதேர்வுக்கு மட்டும் உத்தரவிடவில்லை. சட்டம் தெளிவாக இருக்கும் நாட்டிலேயே இந்த நிலை. எழுதிய விதி பரீட்சை மண்டபத்தில் நிற்கும் மேற்பார்வையாளரின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் மாணவரின் அந்த ஒரு மணிநேரம் திரும்ப வராது.

கடிதம் எழுதாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை யாரும் பெயரோடு சொல்ல மாட்டார்கள். வலிப்பு, மனநோய், கற்றல் இடர்ப்பாடு போன்றவற்றை வெளியே சொன்னால் அது பீடத்தோடு நிற்காது. எழுதுவினைஞருக்கு மாணவியின் ஊர் தெரியும், ஊருக்கு மாணவியின் அக்காவுக்குக் கலியாணம் பேசுவது தெரியும். மருத்துவச் சான்றிதழை அலுவலக மேசையில் வைக்கச் சொல்வது இங்கே சின்னக் கோரிக்கை அல்ல.

நம் உறவுகள் பெருவாரியாக வாழும் ரொறன்ரோவில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. யோர்க் பல்கலைக்கழக மாணவி ஒருவரின் முறைப்பாட்டைத் தொடர்ந்து, 2016இல் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பங்களிப்போடு புதிய நடைமுறை வந்தது. நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கற்றலில் என்ன இடர், என்ன மாற்றம் தேவை என்பதை மருத்துவர் உறுதிப்படுத்தினால் போதும். இதற்குச் செலவு எதுவுமில்லை. இங்கும் பீடத்துக்கு ஒரு பொறுப்பு அலுவலர், பூட்டிய ஒரு கோவை, விரிவுரையாளருக்குத் தேவையை மட்டும் தெரிவிக்கும் அரைப்பக்கக் கடிதம் ஆகியவை இருந்தால் அடுத்த செமஸ்டரில் எவரும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது.

2009இல் வன்னியில் நான்கைந்து வயதில் எறிகணைச் சிதறல்களை உடலில் வாங்கிய பிள்ளைகளுக்கு இன்று பல்கலைக்கழக வயது. அவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. 1996 சட்டத்திலிருக்கும் ஓட்டை அடைபடும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்த வேண்டியதுதான். அரச பல்கலைக்கழகம் மறுத்தால் அது நிர்வாகச் செயல் என்பதால், சமத்துவ உரிமையை வைத்து உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். கால எல்லை ஒரு மாதம், நீதிமன்றம் இருப்பது கொழும்பில். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அதன் விசாரணைக் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. தனியார் கல்வி நிறுவனங்களுக்கு இந்த வழி பொருந்தாது.

எந்த வழியில் போனாலும் முதலில் கேட்கப்படுவது, நீங்கள் எப்போது கேட்டீர்கள், அவர்கள் எப்போது மறுத்தார்கள் என்பதே. வாய்ப்பேச்சுக்குத் திகதி இல்லை. ஆகவே கடிதத்தில் நோயின் வரலாறு வேண்டாம். எந்தப் பாடம், எந்தப் பரீட்சை, என்ன மாற்றம், எந்த நாளுக்குள் பதில் வேண்டும் என்பவை போதும். பிரதியொன்றில் அலுவலகத்தின் திகதி முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.