காசுக்கு வாங்கும் சிபாரிசு கடைக்கு உதவாது

பதிவு கொஞ்சம் நீளம்தான். கடை, சிறுதொழில் என்று ஏதாவது நடத்துகிறவர்களாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

சமீபத்தில் உங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "டீச்சர், கடைக்கு வெப்சைட் போட்டிருக்கோம். கூகுள்ல தேடினா நாலாவது பக்கத்துலதான் வருது. மாசாமாசம் பணம் கட்டினா பேக்லிங்க் போட்டு முதல் பக்கத்துக்குக் கொண்டு வர்றோம்னு ஒருத்தர் போன் பண்றார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். லிங்க் தேவைதான். ஆனால் அதை விலைக்கு வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

வேறொருவருடைய இணையதளத்தில் உங்கள் தளத்துக்கு ஒரு லிங்க் இருந்தால் அதைத்தான் பேக்லிங்க் என்கிறார்கள். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கூகுளின் அடித்தளம் அதுதான். ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையை மற்ற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டுவார்கள். அதிகம் பேர் மேற்கோள் காட்டினால் மதிப்பு அதிகம். மதிப்புள்ளவர் மேற்கோள் காட்டினால் இன்னும் அதிகம். இதே கணக்கை இணையப் பக்கங்களுக்கும் போட்டார்கள். அதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். இன்று கூகுள் வேறு பல விஷயங்களையும் சேர்த்துப் பார்க்கிறது. லிங்க்குக்கும் அதில் இடம் உண்டு.

ஆக, லிங்க் என்பது ஒரு சிபாரிசு. நன்னடத்தைச் சான்றிதழுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களைப் பல வருஷம் பார்த்த ஆசிரியர் கையெழுத்துப் போடுவதால்தான் அந்தத் தாளுக்கு மதிப்பு. பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்கு ஒருவர் அதை விற்றால், வாங்கினவனுடைய சான்றிதழோடு விற்றவருடைய கையெழுத்தும் செல்லாமல் போகும்.

இது உலகளவில் நடந்தும் இருக்கிறது. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் 2010 கடைசியில், பண்டிகைக்கால வியாபாரம் நடந்த மாதங்களில், உடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என்று எதைத் தேடினாலும் கூகுளில் முன்னால் நின்றது. அந்தப் பொருட்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு லிங்க் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு பயணப்பெட்டித் தேடலில் முதல் இடத்தில் இருந்த அந்தத் தளம் இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போய்விட்டது. தங்களுக்கு இது தெரியாது என்று சொன்ன நிறுவனம், எஸ்.இ.ஓ. வேலை பார்த்தவர்களை நீக்கியது. ஊர் ஊராகக் கடையும் விளம்பரத்துக்குக் கோடிகளும் வைத்திருந்த நிறுவனம் அதைத் தாங்கிக்கொண்டது. ஒரே ஒரு கடை வைத்திருக்கும் நீங்கள் தாங்குவீர்களா?

2012 ஏப்ரலில் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கூகுள் கொண்டு வந்தது. செயற்கையாக லிங்க் சேர்த்த தளங்கள் தேடலில் கீழே இறங்கின. 2016 செப்டம்பருக்குப் பிறகு அது எப்போதும் இயங்கும் ஏற்பாடாகிவிட்டது. இப்போது அப்படிப்பட்ட லிங்க்குகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மீறல் பெரிதாக இருந்தால் ஆட்களே பார்த்துத் தண்டனை கொடுப்பதும் உண்டு. நீங்கள் வாங்கும் லிங்க் பெரும்பாலும் வீண், சில சமயம் விஷம். எப்படிப் பார்த்தாலும் பணம் போனது போனதுதான்.

என் மாணவன் ஒருவன் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் செய்கிறான். கடன் வாங்கித் தொடங்கிய தொழில், இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். மாதம் எட்டாயிரம் வீதம் நான்கு மாதம் ஒரு நிறுவனத்துக்குக் கட்டியிருந்தான். அறுநூறு லிங்க் கொண்ட பட்டியலை அவர்கள் அனுப்பியிருந்தார்கள். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். சூதாட்டத் தளம், எங்கோ இருக்கும் வீட்டுமனை விளம்பரம், யாரும் எட்டிப் பார்க்காத கருத்துப் பெட்டிகள். நல்லெண்ணெய் வாங்குகிற ஒருவர்கூட அந்தப் பக்கங்களுக்குப் போக மாட்டார். முப்பத்திரண்டாயிரம் ரூபாய்! செக்குக்கு எள் வாங்கியிருக்கலாம்.

"அதே மாதிரி லிங்க் வாங்கின போட்டிக்காரன் மேலே நிக்கிறானே டீச்சர்" என்றான். உண்மைதான். சிலர் சில காலம் தப்பிக்கிறார்கள். காப்பியடித்த எல்லாரையும் நானும் பிடித்ததில்லை. ஆனால் அவன் மேலே இருப்பதற்கு வாங்கின லிங்க்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? அவன் கடை பழையதாக இருக்கலாம், நிறைய பேர் நல்ல விமர்சனம் எழுதியிருக்கலாம். அடுத்தவன் விடைத்தாளைப் பார்த்து எழுதுகிறவன் அவனுடைய தப்பையும் சேர்த்துத்தான் எழுதுவான்.

சரி, லிங்க் எப்படித்தான் கிடைக்கும்?

முதலில், சுட்டிக்காட்டத் தகுந்த ஒரு பக்கத்தை உங்கள் தளத்தில் எழுதுங்கள். "தரமான எண்ணெய், நியாயமான விலை" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள். வாகை மரத்தில் ஏன் செக்கு செய்கிறார்கள், எள் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் சேர்க்கிறார்கள், ஒரு லிட்டருக்கு எவ்வளவு எள் போகிறது, அதனால் விலை எப்படி வருகிறது என்று படத்தோடு எழுதச் சொன்னேன். எழுதினான். சமையல் பற்றி எழுதும் ஒரு அம்மா தன் பக்கத்தில் அதற்கு லிங்க் கொடுத்தார். உணவுத் தொழில்நுட்பம் நடத்தும் ஒரு கல்லூரி ஆசிரியரும் கொடுத்தார். இரண்டே லிங்க். ஆனால் அவற்றின் வழியாக மனிதர்கள் வந்தார்கள். இப்போதும் அவன் முதலிடத்தில் இல்லை. போன் செய்து விலை கேட்கிறவர்கள் மட்டும் கூடியிருக்கிறார்கள்.

அடுத்து, ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். நீங்கள் டீலராக இருந்தால் அந்தக் கம்பெனியின் டீலர் பட்டியலில் உங்கள் தள முகவரி இருக்கிறதா? வணிகர் சங்கத்தின் தளத்தில் இருக்கிறதா? உள்ளூர்ச் செய்தித்தளம் உங்களைப் பற்றி எழுதியபோது லிங்க் போட மறந்திருந்தால், மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது, கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. அக்கம்பக்கத்தில் தேடுகிறவருக்குக் கடைகளைக் காட்டும்போது பொருத்தம், தூரம், பிரபலம் மூன்றையும் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது. பிரபலம் என்பதில் விமர்சனங்களும் லிங்க்குகளும் அடங்கும்.

உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நம் வீட்டுப் பிள்ளை கடை என்று வாட்ஸ்அப் குழுவிலெல்லாம் லிங்க்கைப் பகிர்கிறீர்கள். நல்லது, நாலு பேர் வாங்குவார்கள். ஆனால் அந்தக் குழுவைக் கூகுள் பார்ப்பதில்லை, அதனால் ரேங்க் ஏறாது. ஒரு பொருளும் வாங்காமல் ஐந்து நட்சத்திரம் போட்டுப் பொய் விமர்சனம் எழுதாதீர்கள். மாமா, சித்தி, அத்தை மூவரும் ஒரே நாளில் ஒரே மாதிரி எழுதினால் படிக்கிறவருக்குத் தெரியாதா?

விளம்பரம் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பணம் கொடுத்து ஒரு தளத்தில் லிங்க் போட்டால், அது விளம்பரம் என்று லிங்க்கிலேயே குறிக்க வேண்டும். அதற்கென்றே 'ஸ்பான்சர்டு' என்ற குறியைக் கூகுள் 2019இல் கொண்டு வந்தது. அப்படிக் குறித்தால் ரேங்க் ஏறாது, ஆனால் யாரையும் ஏமாற்றவில்லை.

எஸ்.இ.ஓ. வேலையை நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். அதனால் பணம் கட்டுவதற்கு முன் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

1. எந்தெந்தத் தளங்களில் லிங்க் வரும்? முன்பு செய்த வேலையைக் காட்ட முடியுமா?

2. அந்தப் பக்கங்களைப் படிக்கிற மனிதர்கள் யார்?

3. முதலிடத்துக்கு உத்தரவாதம் தருகிறீர்களா? "ஆமாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

4. டொமைன் பெயரும் சர்ச் கன்சோல் கணக்கும் யார் பெயரில் இருக்கும்? உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். சர்ச் கன்சோல் இலவசம். உங்களுக்கு எந்தெந்தத் தளங்கள் லிங்க் கொடுத்திருக்கின்றன என்று அதில் நீங்களே பார்க்கலாம்.

நல்ல பெயர் சம்பாதிக்க நாளாகும் என்று வகுப்பில் சொன்னபோது அலுத்துக்கொண்டீர்கள். வெப்சைட்டுக்கும் அதே கணக்குதான் பிள்ளைகளே. பேரம் பேசுகிற ஆள் போன் செய்தால் "எங்க டீச்சரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எஸ்.இ.ஓ. வேலையில் இருக்கிற மாணவர்கள் நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள். இந்த வயதிலும் சிவப்பு மைக்கு நான் பயப்படுவதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்