மேலிருந்து பார்த்தால் பச்சை



கடப்பாக்கத்திலிருந்து ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் செல்கிறவர்கள் சவுக்குத் தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கண்டிருப்பீர்கள். அவற்றை நம்மில் எவரும் காடு என்று சொல்வதில்லை. சவுக்கு நட்டவர் நான்கைந்து ஆண்டுகளில் வெட்டி விற்றுவிடுவார். ஆனால் நாட்டின் கணக்கு வேறு.

டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாட்டின் வனப்பரப்பைக் கணக்கிட்டு வெளியிடுகிறது. ஒரு ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில், மரங்களின் கிளைவிரிவு 10 சதவீதத்துக்கு மேல் நிழலிட்டால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் எது என்ற கேள்வி அங்கே இல்லை. அதற்கெனப் பயன்படும் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர்ச் சதுரம். அத்தனை உயரத்திலிருந்து தோப்பும் பச்சை, காடும் பச்சை.

சவுக்கை நான் பழிக்கவில்லை. அது மணலையும் காற்றையும் தடுக்கிறது. பல வீடுகளுக்குப் பிழைப்பும் தருகிறது. எனினும் இந்தச் சோழமண்டலக் கரைக்கே உரிய, வீரையும் பாலையும் காசாவும் செறிந்த பழைய காடு இன்று சிறு திட்டுகளாகவே எஞ்சியிருக்கிறது. அதில் ஒரு திட்டு அழிந்து, வேறிடத்தில் அதே அளவு தோப்பு எழும்பினால் கூட்டுத்தொகை குறையாது. இவ்வளவு பெரிய தேசத்தை வேறெவ்விதம் அளப்பது என்று கேட்பீர்களானால், அது நியாயமே. வனப்பரப்பு கூடிற்று என்ற தலைப்பை வாசித்தவுடன் நிறைவடைந்துவிடுகிற நம்மிடத்திலேதான் என் வழக்கு.

படத்தோடு வேலை முடிவதுமில்லை. ஆய்வாளர் அந்த இடத்துக்கு நடந்துபோய், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் மரத்தைச் சுற்றி நாடாவைப் பிடிக்கிறார். ஏறக்குறைய அதைக் கட்டியணைத்தாலன்றி அளக்க இயலாது.

ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். சோதோமின் கூக்குரல் தம்மை எட்டிய பின்னும், சகலத்தையும் அறிந்த கர்த்தர், தாமே இறங்கிப்போய்ப் பார்ப்பதாகச் சொல்லுகிறார். மாற்கு 11-இல் ஆண்டவர் இலை நிறைந்த அத்திமரத்தைத் தூரத்திலே கண்டு, அதனண்டை போகிறார். அந்தப் பகுதியைக் கனியற்ற வாழ்வைக் குறித்தே நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அந்தச் சில அடி நடையை நான் கவனித்ததேயில்லை.

போதகர்களாகிய நாங்களும் ஆண்டுதோறும் கணக்கு அனுப்புகிறோம்: இத்தனை குடும்பங்கள், இத்தனை ஞானஸ்நானங்கள். சென்ற ஆண்டு நான் எழுதிய எண்ணிக்கைக்குள் ஒரு தாயாரும் இருந்தார். ஞாயிறு தவறாமல் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பார். பிரசங்க பீடத்திலிருந்து பார்க்கையில் யாதொரு குறையும் தெரியவில்லை. கணவரை இழந்தபின் ஏழு மாதங்களாக என் வருகைக்கு அவர் காத்திருந்ததை, அவருடைய மகள் சொல்லித்தான் அறிந்தேன். அடக்க ஆராதனையை நடத்தியவனும் நானே.

இவ்வாண்டு அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை. குப்பத்தில் 11 வீடுகள் மீதமிருக்கின்றன.