போர் கிட் போட்டா மலை குனியுமா?

முதல்லயே சொல்லிடுறேன். இது பைக்கைப் பிடிக்காத ஒருத்தர் எழுதுற அறிவுரை இல்ல. "தோட்டத்துப் பயலுக பைக் வாங்கிட்டானுக, இனி ரோட்டுல நடக்க முடியாது" என்று டவுனில் கடை வாசலில் நின்று பேசுகிறவர்களின் கட்சியும் நான் இல்ல. அந்தப் பேச்சுக்குள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நடந்து நடந்தே தேய்ந்த கால்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டு சக்கரத்தில் ஏறிவிட்டது சிலருக்குக் கண்ணை உறுத்துகிறது. உறுத்தட்டும்.

என் சண்டை வேறு இடத்தில். லயத்து வாசல்லயே எஞ்சினைப் பிரிச்சு, சிலிண்டரைக் குடைஞ்சு பெரிசாக்கி, சைலன்சரை வெட்டி, "150ஐ 180 ஆக்கிட்டோம்ல" என்று வீடியோ போடுகிறோமே, அந்தப் பெருமையோடுதான் சண்டை. அது ஊதாரித்தனம், ரவுடித்தனம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. அது நம்ம மலையைப் படிக்காத வேலை என்று சொல்கிறேன். சமதரையில் நேர் ரோட்டில் ஓட்டுகிறவனுடைய கனவை காசு கொடுத்து வாங்கி, வளைவுக்கு வளைவு கியர் மாத்துற ஊரில் மாட்டிக்கொண்டு திரிகிறோம்.

கணக்குப் பார்ப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அட்டன் ஏறத்தாழ 1270. மேலே போகப் போக காற்று மெலியும். எஞ்சினுக்குச் சோறு பெட்ரோல் மட்டும் இல்ல, காற்றும்தான். கொழும்பில் ஒரு இழுப்பில் உள்ளே போகிற காற்றில் எட்டில் ஒரு பங்கு அட்டனில் குறையும். நுவரெலியாவுக்கு ஏறினால் ஆறில் ஒரு பங்காவது போய்விடும். பலமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். நானுஓயா ஏத்தத்தில் வண்டி "இழுக்கல மச்சான்" என்று நாம் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். வண்டியில் குற்றம் இல்ல.

இதிலே இன்னொரு சங்கதி. நம்ம பக்கம் ஓடுகிற பழைய பல்சர், டிஸ்கவர், சிடி 100 எல்லாம் பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிகள். கார்புரேட்டருக்கு உயரம் தெரியாது. காற்று குறைந்தாலும் அது பழையபடிதான் பெட்ரோலை விடும். அதனால் மேலே வந்ததும் பெட்ரோல் கூடி, காற்று குறைந்து, வண்டி திணறும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக இருக்கும். காசும் புகையாகப் போகும், பலமும் புகையாகப் போகும்.

இப்போ போர் கிட்டுக்கு வருவோம். 57 மில்லிமீட்டர் சிலிண்டரை 63 ஆக்கினால் கன அளவு 22 சதவீதம் கூடும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நுவரெலியாவில் மலை எடுத்துக்கொண்ட பங்கைக் கழித்துப் பாருங்கள். நாம் பீத்திக்கொள்கிற ‘180’ என்பது கொழும்பில் ஓடுகிற சாதாரண 150 இழுக்கிற இழுவைக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும். அவ்வளவு பாடுபட்டு, அவன் ஷோரூமில் வாங்கிய இடத்துக்கு நாம் வந்து சேர்கிறோம்!

அதுக்கு விலை என்ன? கிட்டு, பெரிய கார்புரேட்டர், லேத் கூலி, சைலன்சர் என்று கடைக்குக் கடை கணக்கு மாறும். 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. வகுத்துப் பாருங்கள்: முப்பது பேர். முப்பது நாள் அட்டைக்கடியில் நின்று கொழுந்து எடுத்தால் விழுகிற பேர். "என் காசு, என் ஆசை" என்று சொல்லலாம். சரிதான். ஆனால் அந்தக் காசில் பாதி அம்மாவுடைய சீட்டுக்காசு என்றால், அதற்குக் கிடைக்கிறது என்ன என்று கேட்க அவங்களுக்கும் உரிமை இருக்கு.

காசோடு முடிந்தாலும் பரவாயில்ல. ஹெட்டை மாத்தாமல் சிலிண்டரை மட்டும் பெரிசாக்கினால், 9.5 ஆக இருந்த அமுக்க விகிதம் 11ஐத் தாண்டிவிடும். அதில் ஊற்றுவது 92 பெட்ரோல். மேலே குளிரிலும் மெல்லிய காற்றிலும் அது எப்படியோ சமாளிக்கும். அந்த வண்டியை இங்கேயே டியூன் பண்ணி, ஜெட்டைக் குறைத்து, தீபாவளி முடிந்து வேலைக்குக் கொழும்புக்கு ஓட்டிப் போகிறான் ஒரு தம்பி. கினிகத்தேனை தாண்டி இறங்க இறங்க காற்று தடிக்கிறது, வெயில் ஏறுகிறது. இப்போது காற்று கூடி, பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதிக்கும். ‘டக் டக்’ என்று தட்டும். அந்தச் சத்தத்தை பாட்டுச் சத்தத்தில் அமுக்கிக்கொண்டு ஓட்டினால், அவிசாவளைக்குள்ளே பிஸ்டன் பிடித்தாலும் ஆச்சரியம் இல்ல. நம்ம பிள்ளைகள் வாழ்கிற வாழ்க்கையே மலைக்கும் கொழும்புக்கும் நடுவில்தான். இரண்டு காற்றுக்கும் ஒரே எஞ்சின் தாங்க வேண்டும். கம்பெனிக்காரன் கொடுத்த சிலிண்டர் அந்தச் சமரசத்தைச் செய்து வைத்திருக்கிறது. நாம் அதைக் குடைந்து எடுத்துவிடுகிறோம்.

அப்போ ஏத்தத்தில் திணறிக்கொண்டே இருக்கணுமா? இல்ல. இங்கேதான் நிஜமான வேலைக்காரனின் வித்தை. மெயின் ஜெட்டை ஒரு சைஸ், இரண்டு சைஸ் குறைத்துப் பார். பிளக் நிறம் டீக்கறை மாதிரி வருகிறதா என்று பார். கொழும்புக்கு இறங்கும்போது பழைய ஜெட்டைத் திருப்பிப் போடு, சட்டைப் பையில் அடங்குகிற சாமான் அது. வால்வ் இடைவெளி சரியா, ஏர் ஃபில்டர் அடைந்திருக்கா, கிளட்ச் வழுக்குதா பார். முன்பக்கப் பல்சக்கரத்தில் 14 பல் இருந்தால் 13 போடு. சக்கரத்தில் இழுவை ஏழு சதவீதத்துக்கு மேல் கூடும். அதே அளவு டாப் ஸ்பீட் குறையும். குறையட்டுமே! அட்டனிலிருந்து தலவாக்கலை போகிற வழியில் 110ல் எங்கே ஓட்டப்போகிறாய்? இதுவும் எஞ்சினுக்கு வேகம் ஏத்துகிற வேலைதான். அரை நாளில் முடியும், ஒரு கொழுந்துக் கூடைக்குள் அடங்குகிற சாமானில் முடியும். ஆனால் வீடியோவில் காட்ட சத்தம் இல்ல. அதனால்தான் இதை யாரும் காட்டுவதில்லை.

இனி நாம் பேசவே விரும்பாத விஷயம்: பிரேக். மலையில் ஏறுகிறதெல்லாம் இறங்கவும் வேண்டும். 60ல் போகிற வண்டியை நிறுத்துவதை விட 80ல் போகிற அதே வண்டியை நிறுத்த பிரேக் தின்ன வேண்டிய சக்தி 1.78 மடங்கு. வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, பிரேக்கின் சுமை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எஞ்சினுக்கு 40,000 செலவழித்தவனிடம் பின் டிரம் பிரேக்கின் சூவை எப்போ மாத்தினாய் என்று கேட்டுப் பாருங்கள். டயரைத் தடவிப் பாருங்கள். றம்பொடை இறக்கத்தில் டிரம் சூடேறி, மிதிக்க மிதிக்க பிடிக்காமல் போகிற அந்த நேரத்தில் 180 சிசி யாரையும் காப்பாற்றாது.

"பைக்கை ஏன் குறை சொல்றீங்க, ரோட்டைச் சொல்லுங்க" என்பார்கள். ரோட்டைச் சொல்லத்தான் வேண்டும். 2025 மே 11ம் திகதி கெரண்டியெல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபது பேருக்கு மேல் செத்தார்கள். நம்ம ரோட்டு ஓரங்கள் எப்படி இருக்கு என்று நாட்டுக்கே தெரிந்த நாள் அது. ஆனால் ரோடு மன்னிக்காது என்று தெரிந்த ஊரில், ரோட்டோடு மல்லுக்கட்டுகிற மாதிரி வண்டியைத் தயார் பண்ணுவது எந்த ஊர் புத்தி?

சட்டப் பக்கமும் ஒன்று இருக்கு. A1 லைசன் 100 சிசி வரைக்கும்தான். அந்த லைசனை வைத்துக்கொண்டு 100ஐக் குடைந்து 125 ஆக்கினால், லைசன் இல்லாமல் ஓட்டுகிறவன் ஆகிவிடுகிறாய். பதிவுப் புத்தகத்தில் ஒரு சிசி, வண்டியில் இன்னொரு சிசி என்றால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது இன்சூரன்ஸ்காரனுக்குக் கைவிரிக்க நாமே காரணம் எழுதிக் கொடுத்த மாதிரி.

இதையெல்லாம் விட முக்கியமான கேள்வி, இந்த வண்டி யாருடையது? லைசன் வைத்திருக்கிறவனுடையது மட்டுமா? மேல் டிவிஷனில் ராத்திரி ஒரு மணிக்கு குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தால் முதலில் தட்டப்படுகிற கதவு பைக் வைத்திருக்கிற வீட்டுக் கதவு. லொறியும் ஆட்டோவும் வருவதற்குள், டிக்கோயா ஆதார வைத்தியசாலை வரைக்கும் நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகிறது அந்தப் பைக்தான். அந்த நேரத்தில் அது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகணும். குளிரில் நின்ற வண்டி, நாலு பேர் தள்ளியும் எழும்பாத ‘ஸ்டேஜ் டூ’ வண்டியாக இருக்கக் கூடாது. ஒரு லயத்துக்கே வாகனமாக இருக்கிற வண்டியை ஒருத்தனுடைய ரீல்ஸுக்காகப் பணயம் வைக்கிறோம். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான்.

சைலன்சரைப் பற்றி நீட்டத் தேவையில்ல. ஒரே கூரை, ஒரே சுவர், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கிற லயம். விடிய பிரட்டுக்குப் போகணும் என்று படுத்திருக்கிறவங்க காதுக்குள்ளே ராத்திரி பதினோரு மணிக்குப் படபடவென்று வெடித்து வருகிறவன், துரைமார் மேலே இருக்கிற கோபத்தை யார் மேலே காட்டுகிறான்?

நியாயமான ஒரு எதிர்க்கேள்வி இருக்கு. "வேகம் ஆசை இல்லையா? நமக்கு மட்டும் அது கூடாதா?" கூடும். ஆசை பிழையே இல்ல. வரலாற்றைப் பாருங்கள்: நுவரெலியாவில் மஹகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி 1934ல் தொடங்கியது. ஓடுகிறது எங்கே? தேயிலைத் தோட்டத்து ரோட்டில். ரதெல்லயிலும் அப்படித்தான். ஏப்ரல் சீசனுக்கு வந்து ஓட்டுகிறார்கள், காரும் ஓடுது, மோட்டார் சைக்கிளும் ஓடுது. எஞ்சின் மாத்திய வண்டிகளும் ஓடுது. ஆனால் ரோட்டை அடைத்து, ஒவ்வொருத்தராக விட்டு, நேரம் பார்க்கிறார்கள். ஓடுவதற்கு முதல் வண்டியைச் சோதிக்கிறார்கள். தொண்ணூறு வருஷமாக நம்ம தோட்டத்து ரோட்டில் வேகத்துக்கு ஒரு மரியாதையான இடம் இருந்திருக்கு. நாம் அதில் பெரும்பாலும் ஓரத்தில் நின்று பார்த்த கூட்டம். நமக்குக் கிடைத்தது A7 வீதியும், எதிரே வருகிற கொழுந்து லொறியும்.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். போட்டியில் ஓட நம்ம பிள்ளைகளுக்கு வழி வேணும். வருஷத்தில் ஒரு நாளாவது அடைத்த ரோடு, ஹெல்மெட், அம்புலன்ஸோடு நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வேணும். நம்ம இளைஞர் மன்றங்கள் கிரிக்கெட் டோர்னமெண்டுக்கு அலைகிற மாதிரி இதுக்கும் அலையலாம்.

அதை விடப் பெரிசாகக் கேட்க வேண்டியது, இந்தக் கைகளுக்கு அங்கீகாரம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் தனியாருக்கு மறுபடி திறந்தது. நடுவில் 2022ல் பெட்ரோல் கியூஆர் வந்தபோது பைக்குக்கு வாரம் நாலு லீட்டர். அந்த ஐந்து வருஷமும் மலையகத்தில் பழைய பைக்குகளை ஓட வைத்தது யார்? லயத்து வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்த பயல்கள்தான். தேய்ந்த சிலிண்டரை லேத்துக்கு அனுப்பி, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டு, ரிங் இடைவெளி பார்த்து உயிர் கொடுத்தார்கள். அதுவும் சிலிண்டரைக் குடைகிற வேலைதான். ஆனால் அது ஓடாத வண்டியை ஓட வைத்த வேலை. அந்தத் திறமைக்கு ஒரு துண்டுக் காகிதம் இல்ல. கராஜுக்கு வேலைக்குப் போனால் "எங்க படிச்சே?" என்று கேட்டு, கழுவுற வேலை கொடுக்கிறார்கள்.

NVQ என்கிற தேசிய தொழில் தகைமையில், வகுப்புக்குப் போகாமலே, செய்து பழகிய வேலையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற வழி இருக்கு. எத்தனை பேருக்கு இது தெரியும்? எத்தனை தலைவர்கள் மே தின மேடையில் இதைச் சொன்னார்கள்? போர் கிட்டுக்குச் சேர்க்கிற காசில் ஒரு டார்க் ஸ்பேனரும், ஃபீலர் கேஜும், ரிங் இடைவெளி பார்க்கிற பொறுமையும் வாங்கினால், அந்தப் பயல் ஒரு கராஜுக்கு முதலாளி ஆகலாம். வாடிக்கையாளன் "பாஸ்" என்று கூப்பிடுவான், அதுவும் மரியாதையோடு.

எனவே மச்சான், அடுத்த முறை யாராவது "எத்தனை சிசி ஏத்தினே?" என்று கேட்டால், திருப்பிக் கேள்: உன் பிரேக் சூ எப்போ மாத்தினது? உன் ஜெட் எந்த ஊருக்குப் போட்டது? ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டினா உன் வண்டி எழும்புமா? மூன்றுக்கும் பதில் சொல்கிறவன்தான் இந்த மலைக்கு மெக்கானிக். மற்றவன் கிட் வாங்கிய கஸ்டமர், அவ்வளவுதான்.