உப்புக்கு ஏங்கும் உடல்

அட்ரினல் சுரப்பி செயலிழந்த 37 வயதுக்காரர் ஒருவர் முதுகெலும்பு அறுவை சிகிச்சையைத் தாங்கிப் பிழைத்தது பற்றி அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 1955ல் கட்டுரை வெளியானது. நோயாளியின் பெயர் தரப்படவில்லை. அவர் செனட்டர் ஜான் கென்னடி என்பது பிற்பாடுதான் தெரிந்தது. லண்டனில் 1947லேயே நோய் கண்டறியப்பட்டிருந்தது. 1960 தேர்தலின்போது அவர் தரப்பு அதை மறுத்தது. வாக்காளர்கள் கண்டது வெயிலில் பழுத்த, ஆரோக்கியமான முகம். அந்த நிறத்துக்கே நோய் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதுதான் வேடிக்கை.

லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் 1855ல் விவரித்த நோய் இது. சிறுநீரகங்களின் உச்சியில் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் தலா நாலைந்து கிராம் எடைதான். ஆனால் அவை சுரக்கும் கார்டிசால் இல்லாவிட்டால் ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூட உடல் தாங்காது. ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன், உப்பு சிறுநீரில் வீணாகாமல் பிடித்து வைக்கிறது. இரண்டும் குறைந்தால் தீராத களைப்பு, எடைக் குறைவு, குமட்டல், வயிற்று வலி, எழுந்து நின்றால் தலைசுற்றல். சிலர் ஊறுகாயையும் உப்பையும் தேடித் தேடிச் சாப்பிடுவார்கள்.

இவற்றில் எதுவும் இந்த நோய்க்கே உரியதல்ல. எனவே டானிக்கும் அல்சர் மாத்திரையுமாக மாதங்கள் ஓடிவிடுகின்றன. துப்பு, நிறத்தில் இருக்கிறது. சோம்பிக் கிடக்கும் அட்ரினலை உசுப்ப மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன், தோலையும் கருக்க வைக்கிறது. தோல் வெண்கல நிறமாகும் என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்வது நம் ஊரில் அதிகம் பயன்படாது. "வெயிலில் அலைந்து கறுத்துவிட்டாய்" என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்துவிடும். பார்க்க வேண்டியவை உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், ஈறு, கன்னத்தின் உட்புறம், பழைய தழும்புகள்.

மேல்நாடுகளில் உடலின் எதிர்ப்புசக்தியே சுரப்பியை அழிப்பது முக்கியக் காரணம். இந்தியாவில் காசநோயையும் மறக்க முடியாது. இதில் ஒரு பொறி உண்டு. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின், கார்டிசாலை ஈரல் வேகமாகச் சிதைக்கும்படி செய்கிறது. சுரப்பி பாதி அழிந்த நோயாளி சிகிச்சை ஆரம்பித்ததும் சுருண்டு விழுவார். பழி மருந்தின் மேல் விழும்.

சில சமயம் கோளாறு பிட்யூட்டரியில். பிரசவத்தில் ரத்தம் வெள்ளமாகப் போன பெண்களுக்கும், கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களுக்கும் சில ஆண்டுகள் கழித்துக்கூட இது தலைகாட்டலாம். இவர்களுக்குத் தோல் கறுக்காது. பாம்புக்கடியையும் இன்றைய களைப்பையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஆனால் அதிகம் பேரை மாட்டிவிடுவது ஸ்டீராய்டு மாத்திரை. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ வாரக்கணக்கில் அதை விழுங்கினால் அட்ரினல் தூங்கிப் போகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அது உடனே விழிப்பதில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கித் தின்பவர்களுக்காவது பெயர் தெரியும். ஸ்டீராய்டு கலந்த 'மூலிகைப் பொடி' சாப்பிட்டவருக்கு, தான் என்ன சாப்பிட்டோம் என்பதே தெரியாது.

காலை எட்டு மணி ரத்தத்தில் கார்டிசால் அளவைப் பார்ப்பது முதல் படி. சந்தேகமிருந்தால் சுரப்பியை ஊசியால் தூண்டிப் பார்க்கிறார்கள். சிகிச்சை எளிது. பெரியவர்களுக்குத் தினம் 15 முதல் 25 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. தேவைப்பட்டால் உப்பைக் காக்க ஃப்ளூட்ரோகார்டிசோன். சிக்கல் உறவினர்களிடம். "ஸ்டீராய்டா? நிறுத்து" என்பார்கள். உடல் தயாரிக்காததை அதே அளவில் ஈடுகட்டுவதுதான் இது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி இரண்டு, மூன்று மடங்காகக்கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் தாமதமின்றி 100 மில்லிகிராம் ஊசி. நினைவிழந்து அவசரப் பிரிவுக்கு வருபவரால் இதையெல்லாம் சொல்ல முடியாது என்பதால், நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் டாக்டர்கள்.